டேசர் 7, டேசர் 10: கார் ஜன்னலோரம் எதற்கு ஆகும்?

அமெரிக்காவில் போலீஸ் ஒரு காரை நிறுத்தும் விதம் நம்மூர் வாகனச் சோதனை மாதிரி இருக்காது. நம்மூரில் தடுப்பு போட்டிருப்பார்கள், கை காட்டுவார்கள். வண்டியை ஓரங்கட்டி, காகிதங்களை எடுத்துக்கொண்டு எஸ்.ஐ. நிற்கும் இடத்துக்கு நாம்தான் நடந்து போக வேண்டும். அங்கே ரோந்துக் கார் பின்னாலேயே வந்து விளக்கைச் சுழலவிடும். ஓட்டுநர் ஓரங்கட்டி, கையை ஸ்டியரிங் மேல் வைத்து உட்கார்ந்திருப்பார். அதிகாரிதான் நடந்து வருவார். வந்தவர் கதவுக்கு நேரே நிற்க மாட்டார். முன்கதவும் பின்கதவும் சேரும் தூணுக்குச் சற்றுப் பின்னால், காரை ஒட்டி நிற்பார். ஓட்டுநர் அவரைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். பயிற்சியே அப்படித்தான். இருவருக்கும் நடுவில் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை அடி.

டேசரை, அதாவது உடம்பில் மின்சாரம் பாய்ச்சி ஆளை முடக்கும் போலீஸ் கருவியை, மதிப்பிட இந்த இரண்டரை அடியில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஆக்ஸான் நிறுவனம் விற்கும் டேசர் 7, டேசர் 10 இரண்டும் நன்றாகச் செய்யப்பட்ட கருவிகள். வெட்டவெளியில், ஏழெட்டு அடி தள்ளி, கத்தியோடு நிற்கும் ஒருவரைச் சுட்டுக் கொல்லாமல் அடக்க வேண்டிய நேரத்தில் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அதிகாரியின் இடுப்பில் அது தொங்கும் நாட்களில் அவர் பெரும்பாலும் செய்யும் வேலை அதுவல்ல. பிரேக் விளக்கு எரியவில்லை, பதிவு ஸ்டிக்கர் காலாவதி, சீட் பெல்ட் போடவில்லை என்று கார்களை நிறுத்துவதுதான் அன்றாட வேலை. அந்த வேலைக்கு இந்தக் கருவி எவ்வளவு பொருந்துகிறது என்பதே இங்கே கேள்வி. பெரும்பாலும் பொருந்தவில்லை, காரணமும் மர்மமானதல்ல, அளவுகோலை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். 1970-களில் ஜாக் கவர் என்ற ஆய்வாளர் உருவாக்கிய யோசனை இது. 1993-இல் ரிக் ஸ்மித், டாம் ஸ்மித் சகோதரர்கள் அரிசோனாவில் நிறுவனம் தொடங்கினார்கள். டேசர் இன்டர்நேஷனல் என்று இருந்த பெயர் 2017-இல் ஆக்ஸான் ஆனது. எம்26, எக்ஸ்26, எக்ஸ்2, எக்ஸ்26பி என்று வந்த வரிசையில் டேசர் 7 வந்தது 2018-இல், டேசர் 10 வந்தது 2023-இல். பழைய மாடல்கள் இன்னும் பல சிறு ஊர்க் காவல் துறைகளில் புழக்கத்தில் இருக்கின்றன.

விசையை இழுத்தால், முகப்பில் செருகிய கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் அடைத்த அழுத்த வாயு இரண்டு சிறு ஊசிகளைத் தள்ளிவிடும். ஊசி முனையில் தூண்டில் முள் போல எதிர்ச்செதில் இருக்கும்; பின்னால் தலைமுடி கனத்தில் கம்பி வரும். இரண்டும் உடம்பில் குத்தினால் மின்சுற்று முழுமையாகும். நொடிக்கு 20 துடிப்பு வாக்கில், 5 நொடி ஓடும். இரண்டு ஊசிக்கும் இடையில் சிக்கிய தசையெல்லாம் இறுகிப்போகும். ஆள் மரம் போல விழுவார். ஒரே ஒரு ஊசி பட்டால் எதுவும் நடக்காது. இரண்டும் பட்டும் நெருக்கமாகப் பட்டால் வலி மட்டும் இருக்கும், தசை இறுகாது. உடம்பு முடங்க, ஊசிகளுக்கு நடுவே குறைந்தது 12 அங்குலமாவது இருக்க வேண்டும். ஒன்று இடுப்புக்கு மேலும் மற்றது கீழும் பட்டால் இன்னும் நல்லது.

இப்போது கணக்கு. பழைய எக்ஸ்26 வகைக் கார்ட்ரிட்ஜில் கீழ் ஊசி சரிந்து கிளம்பும்; 7 அடி தூரம் போனால் ஊசிகள் 1 அடி விலகும். இரண்டரை அடியில் விலகல் 4 அங்குலம்தான், உள்ளங்கை அகலம். இந்தக் குறையைத் தெரிந்துதான் ஆக்ஸான் டேசர் 7-இல் இரண்டு வகைக் கார்ட்ரிட்ஜ் கொடுத்தது. கிட்டத்துக்கு 12 பாகைக் கோணம், தொலைவுக்கு 3.5 பாகைக் கோணம். 12 பாகையில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டரை அங்குலம் விலகும். ஆக, 12 அங்குலம் கிடைக்க நாலைந்து அடி வேண்டும். 3.5 பாகையில் அடிக்கு முக்கால் அங்குலம்தான். 12 அங்குலத்துக்கு 16 அடி தள்ளி நிற்க வேண்டும். கார் ஜன்னலின் இரண்டரை அடியில் கிட்டத்துக் கார்ட்ரிட்ஜே 6 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தரும். பழையதைவிட நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. தேவையில் அது பாதிதான்.

அந்தப் பாதியும் உடம்பில் பட்டால்தான். ஜன்னல் விளிம்புக்குக் கீழே இருப்பது கதவின் தகரம். கீழ் ஊசி சரிந்து போவதால் அது கதவில் மோதும், அல்லது சீட் பெல்ட்டில் சிக்கும், அல்லது சீட்டில் குத்தும். மேலே தெரிவது தலை, கழுத்து, தோள், நெஞ்சு. தலையும் கழுத்தும் சுடக்கூடாத இடங்கள். நெஞ்சைக் குறிவைப்பதைத் தவிர்க்கும்படி 2009-இல் நிறுவனமே பயிற்சி ஏடுகளில் மாற்றம் செய்தது. இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்ற வாதம் வலுத்ததன் பின்விளைவு அது. அப்படியானால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரிடம் சுட அனுமதிக்கப்பட்ட இடம் என்று மிஞ்சுவது தோள்பட்டைப் பக்கம் ஒரு சாண் அகலம். மினசோட்டா, மிச்சிகன் மாதிரி குளிர் மாநிலங்களில் அதற்கும் மேலே பஞ்சு அடைத்த கோட்டு இருக்கும். தொளதொளப்பான கோட்டில் குத்திய ஊசி தோலைத் தொடாமலே நின்றுவிடும்.

இவ்வளவும் சுடும் முறைக்கு. டேசர் 7 வரை எல்லா மாடலிலும் இன்னொரு முறை உண்டு: கருவியின் முகப்பை நேராக உடம்பில் வைத்து அழுத்தி விசையை இழுப்பது. தொடுநிலை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே மின்முனைகள் ஓரிரு அங்குல இடைவெளியில் இருப்பதால் தசை முடங்காது. கொடுப்பது சுத்தமான வலி மட்டுமே. வலி தாங்காமல் சொன்னதைச் செய்வார் என்ற கணக்கில் பயன்படுத்துவது. கார் ஜன்னலோரம் தூரம் போதாது என்பதால் அதிகாரிகளின் கை தானாகப் போவது இந்த முறைக்குத்தான். எங்கள் பார்வையில் இந்தக் கருவியின் மிகக் கெட்ட அம்சம் இதுவே.

சியாட்டிலில் 2004 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். மகனைப் பள்ளியில் விடப் போன ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. 20 மைல் வேகப் பகுதியில் 32 மைலில் போனதாக நிறுத்தினார்கள். போலீஸ் எழுதிய அபராதச் சீட்டில் கையெழுத்திட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்து அவர் மறுத்தார். காரின் சாவியை அதிகாரி ஏற்கெனவே எடுத்துவிட்டார். கதவு திறந்திருக்கிறது, ஒருவர் அவர் கையை முறுக்கிப் பிடித்திருக்கிறார். அந்த நிலையில் தொடையில், இடது கையில், கழுத்தில் என்று ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை தொடுநிலையில் மின்சாரம் பாய்ச்சினார்கள். முதல் பாய்ச்சலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அந்த அம்மாள் நிதானித்து முடிவெடுக்க நேரமே விடவில்லை. மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 9-ஆம் வட்டார முழு அமர்வு 2011-இல் இதை மிதமிஞ்சிய பலப்பிரயோகம் என்றது. ஆனால் 2004-இல் சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை என்று சொல்லி அதிகாரிகளுக்குப் பொறுப்பிலிருந்து விலக்கு கொடுத்தது. வலி கொடுத்தால் பணிவார் என்ற கணக்கு ஏன் தப்புகிறது என்பதற்கு இந்த வழக்கே போதும். வலி வந்தால் உடம்பு சுருண்டுகொள்ளும், கை எதையாவது இறுகப் பற்றிக்கொள்ளும். காரில் உட்கார்ந்திருப்பவர் பற்றுவது ஸ்டியரிங்கை. அதை எதிர்ப்பு என்று அறிக்கையில் எழுதி மறுபடி விசையை இழுப்பார்கள்.

தூரம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. கலிபோர்னியாவின் கொரனாடோவில் 2005-இல் சீட் பெல்ட் போடாததற்காக நிறுத்தப்பட்ட இளைஞர் ஒருவர், அன்று காலையில் ஏற்கெனவே வேகச் சீட்டு வாங்கியிருந்த எரிச்சலில், காரை விட்டு இறங்கித் தன்னைத் தானே திட்டிக்கொண்டு தொடையில் அறைந்துகொண்டார். உள்டவுசரும் ஷூவும் தவிர உடம்பில் எதுவும் இல்லை. ஆயுதம் ஒளித்துவைக்க இடமே இல்லை. 20 அடிக்கு மேல் தள்ளி நின்ற அதிகாரி எக்ஸ்26-ஆல் சுட்டார். தசை இறுகியவர் கையை ஊன்ற முடியாமல் முகம் அடிபட விழுந்து நான்கு பற்களை உடைத்துக்கொண்டார். கருவி சொன்னபடி வேலை செய்த சம்பவம் இது என்பதைக் கவனியுங்கள். தார்ச்சாலையில் நிற்கும் ஆளின் தசையை முடக்கினால் தலையோ முகமோதான் முதலில் தரையைத் தொடும். அந்த வழக்கிலும் 9-ஆம் வட்டாரம் பலப்பிரயோகம் தவறு என்றது; அதிலும் அதிகாரிக்கு விலக்கு கிடைத்தது. 2007-இல் யூட்டாவில் வேகச் சீட்டில் கையெழுத்திட மறுத்துத் திரும்பி நடந்த ஓட்டுநரை நெடுஞ்சாலை அதிகாரி டேசரால் சுட்டார். மாநிலம் 40,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இந்த வழக்குகளை நீதிமன்றங்கள் அளப்பது 1989-இன் கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பின் அளவுகோலில். குற்றம் எவ்வளவு கடுமையானது, உடனடி ஆபத்து உண்டா, எதிர்க்கிறாரா அல்லது ஓடுகிறாரா என்று மூன்று கேள்வி. அந்தத் தீர்ப்பின் மூல வழக்கே ஒரு கார் நிறுத்தம்தான். சர்க்கரை நோயாளி ஒருவர், ரத்தச் சர்க்கரை இறங்கியதால் ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் போய், வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே ஓடி வந்தார். அதைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்து காரை நிறுத்தினார்கள். கைவிலங்கிட்டு, கார் மேல் மோதவைத்து, கால் எலும்பு முறியும் அளவுக்குப் போனது. பதிவு ஸ்டிக்கர், பிரேக் விளக்கு மாதிரி விஷயங்களில் முதல் கேள்விக்கான பதில் எப்போதும் "கடுமையானதல்ல" என்பதுதான். ஆகவே அதிகாரிகளின் அறிக்கைகள் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் தொங்கும். 1977-இன் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் தீர்ப்பின்படி எந்தக் காரணமும் சொல்லாமல் ஓட்டுநரை இறங்கச் சொல்லலாம். அவர் "எதற்கு?" என்று கேட்ட கணத்தில் இருந்து கீழ்ப்படியாமை தொடங்கிவிடுகிறது. 2015 ஜூலையில் டெக்சாஸில் திருப்பு விளக்கு போடாததற்கு நிறுத்தப்பட்ட சாண்ட்ரா பிளாண்ட் சிகரெட்டை அணைக்க மறுத்ததில் இருந்து, கார் கதவைத் திறந்து டேசரை நீட்டி மிரட்டும் வரை போனது ரோந்துக் கார் கேமராவில் அப்படியே பதிவாகியிருக்கிறது. மூன்று நாள் கழித்து அவர் சிறையில் இறந்தார். அங்கே டேசர் சுடப்படவே இல்லை. ஆனால் சண்டையை அது தணிக்கவில்லை, ஏற்றியது.

இனி காரின் பெடலுக்கு வருவோம். இயங்கும் காரில், கியர் விழுந்த நிலையில், ஓட்டுநரின் தசையை முடக்கினால் அவர் வலது கால் எங்கே அழுந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் போலீஸ் தலைமை அதிகாரிகளின் ஆய்வு அமைப்பான போலீஸ் எக்சிக்யூட்டிவ் ரிசர்ச் ஃபோரமும் மத்திய நீதித் துறையும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நகரும் வண்டியை இயக்கிக்கொண்டிருப்பவர் மேல் டேசர் கூடாது என்கின்றன. ஓடுகிறார் என்பது மட்டுமே காரணமாக இருக்கக்கூடாது, தொடுநிலையை வலி கொடுத்துப் பணியவைக்கும் உத்தியாகப் பயன்படுத்த வேண்டாம், மொத்தம் 15 நொடியைத் தாண்டினால் உயிராபத்து கூடும் என்பவையும் அதே ஏட்டில் இருக்கின்றன. நல்ல ஏடு. கட்டாயம் இல்லை என்பதுதான் குறை. ஊருக்கு ஊர் கொள்கை வேறு.

2021 ஏப்ரல் 11 அன்று மினசோட்டாவின் புரூக்ளின் சென்டரில் டான்டே ரைட் இறந்ததில் இந்தக் குறைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டன. காலாவதியான பதிவு ஸ்டிக்கர், கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டை என்று நிறுத்தினார்கள். பிடியாணை இருப்பது தெரிந்து கைவிலங்கிடும்போது அவர் திமிறி மறுபடி காருக்குள் ஏறினார். 26 ஆண்டு அனுபவமுள்ள அதிகாரி, அன்று புதியவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், "டேசர்" என்று மூன்று முறை கத்திவிட்டு ஒரு முறை சுட்டார். கையில் இருந்தது 9 மி.மீ. கிளாக் துப்பாக்கி. அதே ஆண்டு டிசம்பரில் நடுவர் குழு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தின் இரண்டு பிரிவுகளில் அவர் குற்றவாளி என்றது. இரண்டு ஆண்டு தண்டனை.

இந்தக் குழப்பத்தைத் தடுக்க வடிவமைப்பில் செய்யக்கூடியதெல்லாம் செய்யப்பட்டிருந்தது என்பதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. டேசர் மஞ்சள் நிறம். எடையில் துப்பாக்கியின் பாதிகூட இல்லை. துப்பாக்கி வலது இடுப்பில், டேசர் இடது இடுப்பில். ஆனாலும் பதற்றத்தில் கை ஆயிரம் முறை பழகிய பக்கத்துக்கே போகும். துப்பாக்கியை உருவும் பயிற்சி ஆண்டு முழுக்க நடக்கும்; டேசரை உருவும் பயிற்சி ஆண்டுக்கு ஒரு நாள். கைப்பிடியும் விசையும் துப்பாக்கி மாதிரியே செய்யப்பட்டிருப்பதும் உதவவில்லை. பணி தொடங்கும் முன் டேசரை உறையிலிருந்து எடுத்துப் பொறி பறக்கவிட்டுச் சோதிப்பது விதி. இது பேட்டரியைச் சோதிக்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இடது இடுப்பில் எது இருக்கிறது என்று கைக்குத் தினமும் ஒரு முறை நினைவூட்டுவதும் அதுதான். நிறத்தை நம்புவதைவிட இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யவைப்பது மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று கையில் வந்தது டேசராகவே இருந்திருந்தாலும் அது சரியான கருவி இல்லை. ரைட் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். இன்னொரு அதிகாரி மறுபக்கக் கதவு வழியாக உள்ளே சாய்ந்து கியரைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கைநீளத் தூரத்தில். ஊசி விலக இடமில்லை, கம்பி சக அதிகாரி மேல் படலாம், கார் பாயலாம். சுட்டபின் கார் நகர்ந்து போய் இன்னொரு காரில் மோதத்தான் செய்தது. பெயரும் முகவரியும் கையில் இருக்கும் ஒருவரை அன்று விட்டுவிட்டு மறுநாள் பிடிப்பது எந்தக் கருவிக் கையேட்டிலும் இல்லாத வழி, ஆனால் நடைமுறையில் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி.

தீ விபத்து பற்றிப் பலருக்குத் தெரியாது. டேசரின் பொறி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும். சாராய அடிப்படையிலான மிளகுத் தெளிப்பானையும், கை கழுவும் ஜெல்லையும் பற்றவைக்கும். நிறுவனமே இதை எச்சரித்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்த ஒருவரைப் பெட்ரோல் பங்கில் மடக்கினார்கள். இழுபறியில் பெட்ரோல் சிந்தியது. டேசர் விசை இழுக்கப்பட்டது. அவர் உடம்பில் முக்கால் பங்கு வெந்துபோனது. போலீசுக்குப் பயந்து பங்கிலோ கடை வாசலிலோ வண்டியை நிறுத்துவது சாதாரணமாக நடப்பது. ஆகவே இது அபூர்வ ஆபத்து என்று ஒதுக்க முடியாது. மிளகுத் தெளிப்பான் டேசருக்கு மாற்று என்று சொல்பவர்களுக்கு 2023 ஜனவரி 7 அன்று டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் பதிவான கேமராக் காட்சிகளே பதில். டயர் நிக்கோல்ஸ் என்ற ஓட்டுநரைக் காரிலிருந்து இழுத்துப்போட்டுத் தெளித்தது தெளித்தவர்களின் கண்ணிலேயே பட்டது. அவர் ஓடினார், டேசரும் சுடப்பட்டது, நிற்கவில்லை. பிறகு துரத்திப் பிடித்து அடித்த அடியில் மூன்று நாள் கழித்து இறந்தார்.

வேலை செய்யாத டேசர் அடுத்த கட்டத்துக்கு எப்படித் தள்ளுகிறது என்பது முக்கியம். ஏபிஎம் ரிப்போர்ட்ஸ் செய்தியாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 2015 முதல் 2017 வரை நடந்த உயிர்பறித்த போலீஸ் துப்பாக்கிச் சூடுகளில் 250-க்கும் மேற்பட்டவற்றில் முதலில் டேசர் சுடப்பட்டு ஆள் அடங்காமல் போனது தெரியவந்தது. 2015 ஏப்ரலில் வட சார்ல்ஸ்டனில் பிரேக் விளக்குக்காக நிறுத்தப்பட்ட வால்டர் ஸ்காட் ஓடியபோதும் முதலில் டேசர்தான் சுடப்பட்டது. பிறகு முதுகில் தோட்டா. 2022 ஏப்ரலில் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸில் எண் பலகை பொருந்தவில்லை என்று நிறுத்தப்பட்ட பேட்ரிக் லயோயாவின் வழக்கு இதைவிடத் தெளிவானது. அதிகாரி டேசரை இரண்டு முறை சுட்டார், இரண்டும் படவில்லை. கட்டிப்புரண்டு டேசர் யார் கையில் என்ற இழுபறி. என் டேசரை அவர் பறித்துவிட்டார், என் உயிருக்கு ஆபத்து என்ற வாதத்தில், குப்புறக் கிடந்தவரின் தலையின் பின்பக்கம் சுட்டார். இரண்டு கார்ட்ரிட்ஜும் தீர்ந்த டேசரில் மிச்சமிருப்பது தொடுநிலை மட்டும், அதாவது வலி மட்டும். அந்த வலி ஒரு மனிதரைக் கொல்லப் போதுமான ஆபத்தா என்பதே வழக்கின் மையம். நடுவர் குழு 2025-இல் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அரசுத் தரப்பு மறுபடி வழக்கு நடத்தவில்லை. தன்னந்தனி அதிகாரி கைக்கெட்டும் தூரத்தில் உருவிய டேசர், பறிபோகக்கூடிய டேசர் என்பதைப் பயிற்சியாளர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அந்த 5 நொடிக்குள் நடப்பது பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் ஓடும்போது ஆளின் கை தன் வசத்தில் இருக்காது. "கையை நீட்டு, கையை நீட்டு" என்று கத்துவது கல்லிடம் கத்துவது. அப்போது இன்னொரு அதிகாரி நெருங்கிக் கைவிலங்கு மாட்ட வேண்டும். இரண்டு ஊசிக்கும் நடுவே கை வைக்காதவரை மாட்டுபவருக்கு ஒன்றும் ஆகாது. ஆக, இது இரண்டு பேர் செய்யும் வேலை. பெரும்பாலான கார் நிறுத்தங்களில் இருப்பவர் ஒருவர். துணைக்கு ஆள் வராமல் விசையை இழுத்தால் 5 நொடி முடிந்ததும் நிலைமை தொடங்கிய இடத்துக்கே வரும், கூடுதல் கோபத்தோடு. மறுபடி இழுக்கத் தோன்றும். எக்ஸ்26பி மாதிரி மாடல்களில் விசையை விடாமல் அழுத்தினால் 5 நொடியைத் தாண்டியும் ஓடும். 5-ஆவது நொடியில் தானாக நிறுத்தும் பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். பழைய மாடலை வைத்திருக்கும் துறைகள் இந்தப் பேட்டரியையாவது மாற்றியிருக்க வேண்டும்.

டேசர் 10-க்கு வருவோம். இதில் கார்ட்ரிட்ஜ் ஜோடி முறையே இல்லை. பத்து ஊசி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரு இழுப்புக்கு ஒன்று. எட்டும் தூரம் 45 அடி. கோணக் கணக்கு போய்விட்டது. முதல் ஊசியை ஓரிடத்திலும் இரண்டாவதை எவ்வளவு தள்ளி வேண்டுமோ அங்கேயும் அதிகாரியே போடலாம். ஒன்று தவறினால் அடுத்தது உண்டு. காரிலிருந்து இறங்கி ஆறேழு அடியில் நிற்பவரிடம் இது டேசர் 7-ஐவிடத் திட்டவட்டமாக மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, தொடுநிலையை எடுத்துவிட்டார்கள். சியாட்டில் மாதிரி நடக்க இந்தக் கருவியில் வழியே இல்லை. புதிய மாடலுக்கு நாங்கள் முழு மனதோடு மதிப்பெண் கொடுப்பது இந்த ஒன்றுக்காக.

கதவுக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. தகரத்தைத் துளைத்துக்கொண்டு எந்த ஊசியும் போகாது. கட்டிப்புரளும் ஒருவர் மேல் 12 அங்குலம் தள்ளி இரண்டு ஊசியைத் தனித்தனியாகக் குறிவைப்பது பயிற்சிக்கூடத்துப் பொம்மையில் செய்வதுபோல் எளிதல்ல. 45 அடி என்ற எல்லை இன்னொரு கவலை. முன்பு 25 அடி தாண்டி ஓடியவரை விட்டுவிட்டு வானொலியில் சொல்வார்கள். இப்போது ஓடுபவரின் முதுகு எட்டும் தூரத்தில் இருக்கிறது, பத்து வாய்ப்பும் இருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டியவர் ஓடினார் என்பதற்காக ஓட்டத்தில் முடக்கித் தார்ச்சாலையில் தலைகுப்புறத் தள்ளுவதைக் கொள்கை எழுத்தில் தடுக்காமல் இந்த மாடலை வாங்கும் ஊர், வாங்காமலே இருக்கலாம்.

இதை உயிர் பறிக்காத ஆயுதம் என்று சொல்வதையும் நிறுத்த வேண்டும். உயிராபத்து குறைந்தது என்பதே சரி. டேசர் பயன்பட்ட சம்பவங்களைத் தொடர்ந்து நேர்ந்த மரணங்கள் 1,000-க்கும் மேல் என்று ராய்ட்டர்ஸ் 2017-இல் கணக்கெடுத்தது. எல்லாவற்றுக்கும் மின்சாரமே காரணம் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. போதை, இதய நோய், கீழே விழுந்த அடி, முதுகில் ஏறி அழுத்தியது எல்லாம் கலந்திருக்கும்.

விற்பனை முறை பற்றிச் சுருக்கமாக: அதிகாரி ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று பெரும்பாலும் 5 ஆண்டு ஒப்பந்தம். கருவி, கார்ட்ரிட்ஜ், பயிற்சி, உடல் கேமரா, சேமிப்பகம் எல்லாம் ஒரே கட்டு. இந்தக் கட்டோடு வரும் ஒரு வசதி உண்மையிலேயே பயனுள்ளது. டேசரின் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளிய கணமே அருகிலுள்ள ஆக்ஸான் கேமராக்கள் தானாகப் பதிவைத் தொடங்கும். பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன் என்ற சாக்கு குறையும். ஆனால் தொடங்குவதைத்தான் அது பார்த்துக்கொள்ளும், நிற்பதை அல்ல. கிராண்ட் ராபிட்ஸில் கட்டிப்புரளும்போது கேமராப் பொத்தான் அழுந்திப் பதிவு நின்றுபோனது. சுட்ட கணத்தைக் காட்டியது காரில் உடன் வந்தவரின் போன். மெம்ஃபிஸில் தெளிவான காட்சியைக் கொடுத்தது தெருக்கம்பத்துக் கேமரா.

கேமரா காட்டாததைக் கருவியின் நினைவகம் காட்டும். இதை வழக்கறிஞர்களும் குடும்பங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எக்ஸ்2, எக்ஸ்26பி முதலான மாடல்களில் மூன்று வகைப் பதிவு இருக்கிறது. நிகழ்வுப் பதிவில் பூட்டு திறந்தது, விசை இழுத்தது, எத்தனை நொடி ஓடியது என்று இருக்கும். துடிப்புப் பதிவில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு மின்னூட்டம் போனது என்று இருக்கும். மூன்றாவது கருவியின் உள்நலம் பற்றிய பொறியியல் பதிவு. துறைகள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கின்றன. அதில் விசை ஐந்து முறை இழுத்ததாக இருக்கும். ஐந்து முறையும் உடம்பில் பாய்ந்ததா, கம்பி அறுந்து காற்றில் போனதா என்பது துடிப்புப் பதிவில்தான் தெரியும். கருவிக் கடிகாரம் சில நொடிகளோ நிமிடங்களோ பிசகியிருக்கும். தரவிறக்கிய அன்று காட்டிய நேரத்தையும் உண்மை நேரத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கினால்தான் கேமராக் காட்சியோடு பொருத்த முடியும். கார்ட்ரிட்ஜ் எண்களையும் கேளுங்கள். பழைய கார்ட்ரிட்ஜ்கள் சுடும்போது வரிசை எண் அச்சிட்ட பொடிக் காகித வட்டங்களைச் சிதறவிடும். எங்கே நின்று சுட்டார் என்பது அந்த வட்டங்கள் கிடந்த இடத்திலிருந்து தெரியும். காற்று அடிப்பதற்குள், மறுநாள் சாலை பெருக்கும் வண்டி வருவதற்குள் அவற்றைப் படம் எடுத்திருக்கிறார்களா என்பதுதான் சம்பவ இடத்துக் கோப்பில் முதலில் பார்க்க வேண்டிய பக்கம்.